இடுப்பு மூட்டுச் சிகிச்சையும் நடைப் பயிற்சியும்



'இடுப்பு' என்று தமிழில் நாம் வழங்கும் சொல் பெரும்பரப்புடையது. குழந்தையைத் தாங்குவதும் இடுப்பு. குடத்தை வைத்துக்கொள்வதும் இடுப்பு. வேட்டியைச் செருகுவதும் இடுப்பு. முதுகின் அடிப்பாகம் நொந்தாலும் இடுப்பு வலி என்றுதான் கூறுகிறோம். சொந்த ஊரில் இருக்கும்வரை இதனால் தொல்லை ஒன்றுமில்லை. நோய் பார்ப்பவரும் நம் மொழியினர். எந்த இடம் என்று கேட்டுத் தெளிந்துகொள்வார். வேற்று மாநிலத்தில் வாழும் நம் போன்றோருக்கு நிலைமை வேறு. இந்தியில் 'கமர்' என்கிறார்கள், மராத்தியில் 'கம்பர்', வங்காளத்தில் 'கொமர்', கன்னடத்தில் 'சொண்ட'. இவை யாவும் இடையையும் முதுகின் அடியையும் குறிப்பனவே. தொடை வந்து பொருந்தும் மூட்டுக்கு இந்தியில் 'கூல்ஹா' என்ற தனிச்சொல் உண்டு.

இந்த வேறுபாட்டை நான் கற்றுக்கொண்டது அகராதியிலிருந்து அன்று. தந்தை மறைந்த பிறகு என் தாயார் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்து எங்களோடு தங்கினார். வந்த சில மாதங்களில் 'இடுப்பு வலிக்கிறது' என்றார். மருத்துவரிடம் அழைத்துச் சென்று, 'கமர்' வலிக்கிறது என்று நான் இந்தியில் எடுத்துரைத்தேன். முதுகெலும்பைப் படம் எடுத்தார்கள். முதுகுக்கு மருந்தும் ஒத்தடமும் ஐந்து மாதம் நடந்தன. பிறகு ஒருநாள் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்த விதத்தைக் கவனித்த இளம் மருத்துவர் ஒருவர், 'வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்' என்றார். அம்மா தொடையும் வயிறும் கூடும் மடிப்பைத் தொட்டுக் காட்டினார். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவன் நான்; என் ஒரு சொல் ஐந்து மாதத்தை வீணாக்கிற்று. அந்த ஒரு பிழையோடு நான் நிற்கவில்லை என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

இடுப்பு மூட்டு என்பது யாது? இடுப்பெலும்பின் இரு பக்கங்களிலும் வெளிநோக்கி ஆழ்ந்த கிண்ணம் ஒன்று அமைந்திருக்கிறது. தொடையெலும்பின் மேல்முனை பந்துபோல் திரண்டு அக்கிண்ணத்துள் பொருந்துகிறது. பந்தின் மேலும் கிண்ணத்தின் உள்ளும் வழுவழுப்பான குருத்தெலும்பு படர்ந்திருப்பதால் அவை உராய்வின்றி இயங்குகின்றன. நிற்பது, நடப்பது, படியேறுவது, சம்மணமிட்டு அமர்வது ஆகிய எல்லாம் இம்மூட்டின் உதவியால் நிகழ்வன. குருத்தெலும்பு தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசுகிறது. அவ்வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தோன்றும். சிலருக்குப் பிட்டத்திலும், சிலருக்குத் தொடை வழியே இறங்கி முழங்காலிலும் தோன்றும். முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே இடுப்பு மூட்டைக் கவனியாமல் விட்டவர்களும் உண்டு.

மூட்டு கெடுவதற்குக் காரணங்கள் பல. முதுமைத் தேய்வு ஒன்று, முடக்குவாதம் மற்றொன்று, முதியோர் வழுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்துப் பகுதியை முறித்துக்கொள்வது இன்னொன்று. நம் நாட்டில் அடிக்கடி காணப்படும் வேறொரு காரணம், பந்துமுனைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குன்றி அவ்வெலும்பு நைந்துபோதல். இது முப்பது, நாற்பது வயதினரையும் பற்றுகிறது. ஸ்டீராய்டு மருந்துகளை மிகுதியாகவோ நெடுநாளோ உட்கொள்வதும், மிகுந்த குடிப்பழக்கமும் இதற்கு அறியப்பட்ட காரணங்கள். கொரோனா நோய்க்கு ஸ்டீராய்டு பெற்றுக் குணமடைந்தோர் சிலரிடம் இந்நோயைக் கண்டதாக 2021ஆம் ஆண்டில் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆதலின் இது முதியோருக்கு மட்டுமே உரிய செய்தி என்று இளையோர் எண்ணிவிட வேண்டாம்.

கெட்ட மூட்டை நீக்கிச் செயற்கை மூட்டைப் பொருத்தும் முயற்சி நீண்ட வரலாறு உடையது. 1891ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தெமிஸ்தோக்ளிஸ் க்ளுக் என்னும் அறுவை மருத்துவர் யானைத் தந்தத்தால் மூட்டு செய்து பொருத்த முயன்றார். 1938இல் லண்டனில் ஃபிலிப் வைல்ஸ் என்பவர் பந்து, கிண்ணம் இரண்டையும் எஃகினால் செய்து பொருத்தினார். நிலைத்த வெற்றி கண்டவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. அவர் முதலில் டெஃப்லானால் கிண்ணம் செய்தார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோயிற்று. தோல்வியை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டு, 1962 நவம்பரில் உறுதி மிக்க பாலிஎதிலீன் கிண்ணத்தையும் சிறிய உலோகப் பந்தையும் பொருத்தினார். இன்று உலகெங்கும் நடைபெறும் சிகிச்சை அதன் வழிவந்ததே. 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ் 2007இல் இதனை 'நூற்றாண்டின் அறுவை சிகிச்சை' என்று பாராட்டியது. அதே இதழில் 2019இல் வெளிவந்த ஆய்வின்படி, பொருத்திய மூட்டுகள் நூற்றில் ஏறத்தாழ 89, பதினைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன. ஏறத்தாழ 58, இருபத்தைந்து ஆண்டுகளும் நிலைக்கின்றன.

இவ்வளவு நல்ல மூட்டு கிடைத்தும் சிலர் ஓராண்டு சென்ற பின்னும் சாய்ந்து சாய்ந்து நடப்பது ஏன்? மருத்துவர் மாற்றுவது எலும்பையும் குருத்தெலும்பையும் மட்டுமே. மூட்டை இயக்கும் தசைகள் பழையனவே. வலிக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் ஒருக்களித்து நடந்ததால் அவை முன்னரே மெலிந்திருக்கின்றன. அறுவையின்போது அவற்றுள் சில விலக்கப்படுகின்றன, சில வெட்டித் தைக்கப்படுகின்றன. அத்தசைகளுக்கு வலுவூட்டும் வேலை மருத்துவமனையில் முடிவதன்று, வீட்டில்தான் தொடங்குகிறது.

இதன் உண்மையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நடக்கும் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் நாம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அப்போது உடலின் பாரம் ஊன்றிய காலின் மூட்டுக்கு உட்புறமாக இறங்குகிறது. இடுப்பெலும்பு மறுபுறம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது, ஊன்றிய காலின் பக்கம் பிட்டத்தின் வெளிப்புறத்தில் உள்ள தசை. இஃது ஒரு துலாக்கோல் போன்றது. நடுவே மூட்டு, நீண்ட கையில் உடற்பாரம், குறுகிய கையில் தசை. குறுகிய கையிலிருந்து இழுப்பதால், தசை தூக்கும் பாரத்தைக் காட்டிலும் மிகுந்த விசையைச் செலுத்த வேண்டியிருக்கிறது. பாரமும் விசையும் சேர்ந்து மூட்டின்மேல் விழும் சுமை, இயல்பான நடையில் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 60 கிலோ எடையுள்ளவரின் மூட்டு ஒவ்வோர் அடியிலும் 150 கிலோவைத் தாங்குகிறது. தசை வலுவிழந்திருந்தால் இடுப்பு சரிகிறது. அதைச் சரிக்கட்ட உடல் சாய்கிறது. அந்தச் சாய்வே நொண்டல்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது என்னும் ஐயத்திற்கும் இக்கணக்கே விடை. நோயுற்ற காலின் பக்கத்துக் கையில்தான் தடி இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வலக்கால் சிகிச்சை பெற்றதாயின் தடி இடக்கையில் இருத்தல் வேண்டும். மூட்டிலிருந்து தொலைவில் ஊன்றப்படும் தடி, நீண்ட கையில் வைத்த முட்டுப்போல் உடற்பாரத்தின் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. தசையின் வேலை அதனால் பெரிதும் குறைகிறது. தடியும் சிகிச்சை பெற்ற காலும் ஒருசேர முன்செல்ல வேண்டும்.

இனிப் பயிற்சியைப் பற்றிக் கூறுவேன். பயிற்சி அறுவைக்குப் பின் தொடங்குவது என்று எண்ணுகிறோம். முன்னரே தொடங்குவது நலம். நாள் குறித்த பிறகு கிடைக்கும் சில வாரங்களில் தொடையின் முன்தசைக்கும் பிட்டத்துத் தசைக்கும், ஊன்றுகோலைத் தாங்கப்போகும் கைகளுக்கும் வலுவூட்டிக்கொள்ளலாம். வாக்கரைப் பிடித்து நடக்கவும், ஊன்றுகோலுடன் படியேறவும் வலி மிகாத அந்நாட்களிலேயே பழகிக்கொள்ளலாம். புகை பிடிப்போர் அதை விடுவதும், சர்க்கரை நோயாளர் அளவைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், சொத்தைப் பல்லைக் கவனித்துக்கொள்வதும் இக்காலத்தில் செய்யத்தக்கன. உடலில் எங்கேனும் உள்ள சீழ், புதிய மூட்டுக்குப் பகை.

அறுவைக்குப் பின் நெடுநாள் படுக்கையில் கிடக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். முற்காலத்தில் வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருந்தது உண்மையே. இன்றோ, தடை ஏதும் இல்லையெனில், அன்றைக்கே அல்லது மறுநாளே எழுப்பி நிறுத்துகிறார்கள். இது கல்நெஞ்சத்தால் செய்வதன்று. அசையாத காலில் இரத்தம் தேங்கி உறைகிறது; உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. படுத்தே கிடந்தால் மார்பில் சளி கட்டும். தசையும் விரைவாக மெலியும். எழுந்து நிற்பது இவற்றுக்கெல்லாம் மருந்து.

படுக்கையில் செய்யும் பயிற்சிகள் எளியவை. முதலாவது, பாதங்களைக் கணுக்காலிலிருந்து மேலும் கீழும் அசைத்தல். விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை பத்துப் பன்னிரண்டு தடவை செய்யலாம். கெண்டைக்காலின் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளும். இரண்டாவது, காலை நீட்டி முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்துதல்; தொடையின் முன்தசை இறுகுவதைக் கையால் தொட்டு உணரலாம். மூன்றாவது, பிட்டத்துத் தசைகளை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுதல். நான்காவது, குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடியே தன் பக்கம் இழுத்து முழங்காலை மடக்கி, மீண்டும் நீட்டுதல். ஐந்தாவது, காலைத் தூக்காமல் வெளிப்புறமாக நகர்த்தி, மறுபடி நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருதல். இடுப்புச் சரிவைத் தடுக்கும் அத்தசைக்கு இதுவே தொடக்கப் பாடம். இவற்றைப் பத்துப் பத்து முறையாக நாளைக்கு மூன்று வேளை செய்யுமாறு பொதுவாகக் கூறுவர்.

நிற்கும் வலு வந்தபின் சமையலறை மேடையையோ கனமான நாற்காலியின் முதுகையோ பற்றிக்கொண்டு செய்யும் பயிற்சிகள் மூன்று. முழங்காலை இடுப்பு உயரத்திற்கு மேற்போகாமல் தூக்கி இறக்குதல்; காலை நேராக வைத்துப் பக்கவாட்டில் விரித்தல்; மெல்லப் பின்புறம் நீட்டுதல். மூன்றிலும் உடல் நிமிர்ந்திருக்க வேண்டும். கால் அரையடிதான் விரிந்தாலும் குற்றமில்லை; உடலைச் சாய்த்து ஓரடி விரிப்பதைவிட அது மேல்.

இங்கே என் இரண்டாம் பிழையைக் கூற வேண்டும். அம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். சிகிச்சை பெற்ற காலில் எவ்வளவு பாரத்தை ஊன்றலாம் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. 'தாங்க முடிந்த அளவுக்கு ஊன்றலாம்' என்று நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன். சொல்லுக்குச் சொல் நேர்தான். ஆனால் அம்மாவின் காதில் அது வேறு விதமாக விழுந்தது. முதல் நாள் காலை ஊன்றினார், வலித்தது. வலிக்கிறது என்றால் தாங்க முடியவில்லை என்று பொருள். ஆதலால் ஊன்றக் கூடாது. இப்படி முடிவு செய்துகொண்டு அவர் படுத்துவிட்டார். நானும் என் மனைவியும் அலுவலகம் செல்பவர்கள். பகலில் துணைக்கு வைத்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு இந்தி தெரியாது. மாலையில் நாங்கள் திரும்பியதும், நாளெல்லாம் தனித்திருந்தாரே என்ற இரக்கத்தால் காப்பியும் உணவும் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். தண்ணீர்ச் செம்பைக்கூட அவரை எடுக்க விடவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பரிசோதனைக்குச் சென்றபோது மருத்துவர் தொடையைச் சுற்றி அளந்தார். மற்றத் தொடையைவிட இது கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தது. இயன்முறை மருத்துவரான பெண்மணி ஒருவர், 'ஏன் நடக்கவில்லை?' என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கூறினேன். அம்மா என்னை நோக்கி, 'வலித்தால் ஊன்ற வேண்டாம் என்றுதானே நீ சொன்னாய், அப்பா?' என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் கேட்குமாறு சொல்லியிருக்கிறேன். அதை அப்பெண்மணிக்கு மொழிபெயர்த்துக் கூறியபோது எனக்கு நாணமாக இருந்தது.

அவர் விளக்கியது இது. ஊன்றும்போது சிறிது வலி இருக்கத்தான் செய்யும். அந்த வலியினால் மூட்டுக்குக் கேடு இல்லை. வாக்கரைப் பற்றிக்கொண்டு முழுப்பாரத்தையும்கூட ஊன்றலாம். பயிற்சியால் வரும் வலி சற்று ஓய்வெடுத்தால் தணியும். மறுநாள் காலையிலும் வலியும் வீக்கமும் மிகுந்தே இருந்தால் முந்திய நாள் அளவு கூடிவிட்டது என்று பொருள். அப்போது பாதியாகக் குறைக்க வேண்டுமேயன்றி நிறுத்திவிடலாகாது. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. எல்லாருக்கும் முழுப்பாரம் ஊன்ற அனுமதி கிடைப்பதில்லை. எலும்பு முறிவுக்காகச் சிகிச்சை பெற்றோருக்கும், இரண்டாம் முறை மூட்டு மாற்றியோருக்கும் அளவு வேறுபடலாம். ஆகவே அவரவர் மருத்துவரிடமே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

நடையின் முறையையும் அப்பெண்மணி செய்து காட்டினார். முதலில் வாக்கர்; அடுத்துச் சிகிச்சை பெற்ற கால்; பிறகு நல்ல கால். திரும்பும்போது புதிய மூட்டுள்ள காலை ஊன்றி அதன்மேல் சுழலக் கூடாது. சிறு சிறு அடிகளாக எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். வாக்கரிலிருந்து ஊன்றுகோல், ஊன்றுகோலிலிருந்து தடி என்று மாறுவதற்கு நாள் கணக்கைவிட நடையே அளவுகோல். சாய்வின்றி நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தடியின்றி நொண்டி நடப்பதைக் காட்டிலும் தடியோடு நிமிர்ந்து நடப்பது நன்று. நொண்டல் பழகிவிட்டால் அதை மறக்கடிப்பது கடினம்.

அரசாங்கக் குடியிருப்புகளில் வாழும் நமக்குப் பெரிய சோதனை மாடிப்படி. எங்கள் வீடு இரண்டாம் மாடியில், லிப்ட் கிடையாது. படியேற ஒரு விதி உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிகிச்சை பெற்ற கால் முதலில். உடலை மேலே தூக்குவதும், மெல்லக் கீழே இறக்குவதும் மேற்படியில் உள்ள காலின் வேலை. அவ்வேலை எப்பொழுதும் நல்ல காலுக்கே கிடைக்குமாறு செய்வதே இவ்விதியின் பொருள். ஒரு கை கைப்பிடிச் சுவரில் இருக்கட்டும். மற்றக் கையில் தடி இருக்கட்டும். துணைக்கு வருபவர் ஏறும்போது பின்னாலும் இறங்கும்போது முன்னாலும், எப்போதும் ஒருபடி கீழே நிற்க வேண்டும்.

வீட்டிலும் சில மாற்றங்கள் தேவை. அவற்றைச் சிகிச்சைக்கு முன்பே செய்து வைப்பது நல்லது. அமரும் நாற்காலி கைப்பிடியுடையதாகவும், இருக்கை முழங்காலைவிடச் சற்று உயரமாகவும் இருக்க வேண்டும். அமிழும் சோபா ஆகாது. அமரும்போதும் எழும்போதும் சிகிச்சை பெற்ற காலை முன்னே நீட்டிக்கொண்டு கைகளை ஊன்ற வேண்டும். குந்தி அமரும் கழிப்பறைக்கு மாறாகக் கமோடும், அதன்மேல் உயரம் கூட்டும் இருக்கையும் வேண்டும். கால்வைத்த கமோட் நாற்காலி ஒன்று வாங்கினாலும் போதும். குளியலறைச் சுவரில் பிடிக்க ஒரு கம்பி. குளிக்க உயரமான ஒரு முக்காலி. வழுக்கும் கால்மிதிகளையும் தரையில் ஓடும் மின்கம்பிகளையும் எடுத்துவிட வேண்டும். வட இந்தியக் குளிர்காலத்தில் காலுறை இன்றியமையாதது; ஆனால் குனிந்து அணியலாகாது. வேறொருவர் அணிவிக்கட்டும், அல்லது அதற்கென விற்கும் நீண்ட பிடியுள்ள கருவி உதவும்.

குனியலாகாது என்பதன் காரணத்தையும் கூற வேண்டும். அறுவைக்குப் பின் மூட்டைச் சுற்றியுள்ள உறை ஆறுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பொருந்தாத அசைவு நேர்ந்தால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவக்கூடும். பின்புறமாகத் திறந்து சிகிச்சை செய்திருந்தால், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவதும், கால்மேல் கால் போடுவதும், காலை உட்புறமாகத் திருப்புவதும் விலக்கு. முன்புறமாகத் திறந்திருந்தால் விலக்குகள் வேறு. காலைப் பின்னே நீட்டி வெளிப்புறம் திருப்புவதையே அங்கு அஞ்சுவர். மேலே கூறிய பின்புறம் நீட்டும் பயிற்சியையும் அத்தகையோர் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். இவ்விலக்குகள் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை நீடிப்பவை. சில மருத்துவர்கள் இன்று அவ்வளவு கடுமையாக விதிப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்கும்போது இரு முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்வது வழக்கம்.

தரையில் அமர்ந்து உண்பதும், சம்மணமிட்டுப் பூசை செய்வதும், குனிந்து கோலமிடுவதும் நம் வாழ்வோடு இணைந்தவை. அவற்றை எப்போது மீண்டும் செய்யலாம், செய்யலாமா என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். நாம் எப்படி அமர்கிறோம் என்பது வேற்று மொழி மருத்துவருக்கு நாம் கூறினாலன்றித் தெரியாது. நாற்காலியில் அமர்ந்து வழிபடுவதால் வழிபாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

சிலர், சிகிச்சை முடிந்ததும் ஊருக்குப் போய் இளைப்பாறலாம் என்று எண்ணுவார்கள். தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒரு நாளைக்கு மேல் ஆகிறது. முதல் வாரங்களில் அவ்வளவு நேரம் அசையாதிருப்பது இரத்த உறைவுக்கு வழிகோலும். மருத்துவரின் இசைவு பெற்றே புறப்பட வேண்டும். செல்லும்போது கீழ்ப்படுக்கை, மணிக்கொரு முறை பாத அசைவு, முடிந்தபோதெல்லாம் எழுந்து நிற்றல், குறித்த மருந்தை விடாது உட்கொள்ளுதல் ஆகியவை தேவை. மாறாக, ஊரிலேயே சிகிச்சை செய்துகொள்வதானால், பயிற்சிக் காலம் முடியும்வரை அங்கேயே தங்குவதற்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

உடனே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகளை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல் அல்லது மார்வலி, காய்ச்சல், காயத்தில் சிவப்போ கசிவோ மிகுதல், திடீரென்று கடும் வலி தோன்றிக் கால் குட்டையாகியோ ஒருபுறம் திரும்பியோ போதல், நேற்று ஊன்ற முடிந்த காலை இன்று ஊன்ற முடியாமை. இவற்றுள் மூச்சுத் திணறலுக்கும் மார்வலிக்கும் ஒரு நிமிடமும் காத்திருக்கலாகாது.

அன்று மாலை வீடு திரும்பியதும் நான் அந்தத் தாளை மீண்டும் எடுத்துக்கொண்டேன். இம்முறை சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. 'கொஞ்சம் வலிக்கும், வலித்தாலும் ஊன்றலாம், வாக்கரை விடக்கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி, நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பயிற்சிகளின் பெயர்களைத் துணைப்பெண்ணுக்காக இந்தியிலும், அம்மாவுக்காகத் தமிழிலும் எழுதி ஒரே எண்ணிட்டேன். அவர் 'மூன்று' என்று விரல் காட்டினால் அம்மா மூன்றாம் பயிற்சியைச் செய்தார். காப்பி சமையலறை மேடையில்தான் கிடைக்கும் என்று என் மனைவி சொல்லிவிட்டார். முதல் இரண்டு நாள் அம்மாவுக்கு வருத்தம்தான். மூன்றாம் நாள் தாமே எழுந்து வந்தார். இழந்த வலுவை மீட்க மூன்று வாரத்தைப்போல் மும்மடங்கு காலம் பிடித்தது.

பயிற்சியை ஆறு வாரத்தோடு முடித்துவிடுவோர் பலர். தசை முழுவலுப் பெற ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். அதுவரை பக்கவாட்டுப் பயிற்சியையேனும் தொடர வேண்டும். நடத்தல், நீந்துதல், நிலைச் சைக்கிள் மிதித்தல் ஆகியவை புதிய மூட்டுக்கு ஏற்றவை. குதித்தலும் கடும் ஓட்டமும் தவிர்க்கத்தக்கவை.

முடிவாக ஒன்று. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புமுன் மூன்று கேள்விகளுக்கு விடை பெறுங்கள். காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம்? எந்த அசைவு, எத்தனை வாரம் விலக்கு? எந்தப் பயிற்சியை நாளைக்கு எத்தனை முறை செய்வது? விடைகளை நோயாளியின் தாய்மொழியில் எழுதுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டி, 'இதனால் என்ன விளங்கிற்று?' என்று அவரையே சொல்லச் செய்யுங்கள். நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அம்மாவின் மூன்று வாரங்கள் வீணாகியிரா.

இன்று அவர் காலையில் தாமே படியிறங்கிப் பால் வாங்கி வருகிறார். தடி இடக்கையில் இருக்கிறது. பால் பை தோளில் தொங்குகிறது. இறங்கும்போது வலக்காலை முதலில் வைக்கிறார்.